மூணு மாசமா பாட்காஸ்ட் கேக்குறேன், இங்கிலீஷ் காதுல ஏற மாட்டேங்குது

தேவகோட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஊர் தேவகோட்டை. எம்.எஸ்ஸி. கணக்கு முடிச்சு வருஷம் ஒண்ணு ஆச்சு. இங்கிலீஷ் பேப்பர் படிப்பேன், லெட்டர் எழுதுவேன், எங்க தெருவுல நாலு பிள்ளைகளுக்கு இலக்கணம் சொல்லிக் குடுக்குறதே நான்தான். ஆனா எதிர்ல ஒருத்தர் இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சா ஒண்ணும் பிடிபடலை.

பொங்கல் முடிஞ்சு சென்னையில ஒரு கம்பெனிக்கு போன் இன்டர்வியூ. அமெரிக்க இன்சூரன்ஸ் பில்லிங் வேலை. முதல்ல பேசினவர் நம்ம ஊர்க்காரர், நல்லாத்தான் போச்சு. அப்புறம் அமெரிக்காவுல இருந்து ஒரு அம்மா லைன்ல வந்தாங்க. "வாட்டயநோபவுடஸ்?"னு ஏதோ கேட்டாங்க. புரியலைன்னு சொன்னேன். திரும்பவும் அதே வேகத்துல அதையே கேட்டாங்க. மூணாவது தடவை என்ன பண்றதுன்னு தெரியாம "யெஸ் மேடம்"னு சொல்லிட்டேன். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமே இல்லை. அதோட முடிஞ்சது. அவங்க கேட்டது "எங்களைப் பத்தி உனக்கு என்ன தெரியும்"னு அப்புறம்தான் தெரிஞ்சது. வாட், டூ, யூ, நோ, அபவுட், அஸ். இதுல நாலாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியாத வார்த்தை ஒண்ணு இருக்கா? அன்னைக்கு ராத்திரி சாப்பிடலை.

அதுக்கப்புறம்தான் பாட்காஸ்ட் கேக்க ஆரம்பிச்சேன். காரைக்குடிக்குக் கம்ப்யூட்டர் கிளாஸ் போறப்ப பஸ்ல முக்கால் மணி நேரம், வர்றப்ப முக்கால் மணி நேரம் (டிரைவர் அண்ணன் பாட்டு போடாம இருந்தா), சாயங்காலம் காய் நறுக்குறப்ப கொஞ்சம். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம்னு வைங்களேன். எங்க அப்பத்தா, "யாருடி அது, ரெண்டு பேரு விடாம சண்டை போட்டுக்கிட்டே இருக்காக?"ன்னு கேக்குது. உண்மையைச் சொன்னா எனக்கும் அப்படித்தான் கேக்குது.

எந்த பாட்காஸ்ட் நல்லது? மெதுவா பேசுறதைக் கேக்கணுமா, சாதாரண வேகமா? பேசுறது எழுத்துலயும் இருந்தா அதைப் பாத்துக்கிட்டே கேக்கலாமா? அடுத்த மாசம் இன்னொரு கம்பெனி கூப்பிட்டிருக்காங்க. யாராவது சொல்லுங்க.

கடல்தாண்டி:

தங்கச்சி, பயப்படாதீங்க. நான் கல்லல் பக்கம், இப்ப சிங்கப்பூர். வந்த புதுசுல எனக்கும் இதே கதைதான்.

பிபிசியோட '6 மினிட் இங்கிலீஷ்'ல ஆரம்பிங்க. ரெண்டு பேர் பேசுவாங்க, தொடக்கத்துல ஒரு கேள்வி போட்டுட்டுக் கடைசியிலதான் விடை சொல்லுவாங்க, நடுவுல வர்ற புது வார்த்தைக்கு அர்த்தம் சொல்லுவாங்க. பேசுறது முழுக்க அவங்க தளத்துலயே எழுத்தா கிடைக்கும், காசு கிடையாது. இன்னும் மெதுவா வேணும்னா அமெரிக்க வானொலியோட 'விஓஏ லேர்னிங் இங்கிலீஷ்' பழைய நிகழ்ச்சிகளைத் தேடுங்க. 1959-ல 'ஸ்பெஷல் இங்கிலீஷ்'னு தொடங்கினது. சுமார் 1500 வார்த்தைக்குள்ளயே, நிறுத்தி நிதானமா வாசிப்பாங்க.

முக்கியமா, நிறைய கேளுங்க. புரியுதோ புரியலையோ ஓடிக்கிட்டே இருக்கட்டும். குழந்தை தாய்மொழியைக் கத்துக்கிறது அப்படித்தானே?

முகப்புத்திண்ணை:

சிங்கப்பூர்த் தம்பி சொன்ன பேரெல்லாம் நல்ல பேருதான். ஆனா அந்தக் கடைசி வரியை மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். கோவிச்சுக்கக் கூடாது அப்பு.

எங்க அப்பா ஒரு ரேடியோ பைத்தியம். இலங்கை வானொலி, அப்புறம் பிபிசி தமிழோசை. தமிழோசை முடிஞ்சதும் ரேடியோவை அணைக்க மாட்டாரு, முள்ளைத் திருப்பி இங்கிலீஷ் நியூஸ் வைப்பாரு. கேட்டா "காதுல விழுந்துக்கிட்டே இருந்தா வந்துரும்டா"ம்பாரு. இருபது வருஷத்துக்கு மேல கேட்டாரு. 2017 ஏப்ரல் கடைசியில தமிழோசை வானொலி நின்னப்ப, எழவு வீட்டுல உக்காந்த மாதிரி திண்ணையில உக்காந்திருந்தாரு மனுஷன். அத்தனை வருஷத்துல அவருக்கு வந்தது என்ன தெரியுமா? ராகம். இங்கிலீஷ் நியூஸ் படிக்கிறவுக எங்க ஏத்துவாக, எங்க இறக்குவாகன்னு அப்படியே வாயால இழுத்துக் காட்டுவாரு, கேட்டா வெள்ளைக்காரன் தோத்துப்போவான். அதுல வார்த்தை மட்டும் ஒண்ணும் இருக்காது. குழந்தைக்கு ஆத்தா சோத்தைக் காட்டி "சோறு"ங்குறா, நிலாவைக் காட்டி "நிலா"ங்குறா. ரேடியோ எதையும் காட்டுறதில்லை.

நான் பிளஸ் டூ. கானாடுகாத்தான்ல ஒரு பெரிய வீட்டைச் சுத்திக் காட்டுற வேலை, 17 வருஷமா. முகப்பு, வளவு, ரெண்டாங்கட்டு, பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு போட்டு இழைச்ச சுவருன்னு இங்கிலீஷ்ல கடகடன்னு சொல்லிருவேன், எல்லாம் மனப்பாடம். வந்தவுக திருப்பி ஒரு கேள்வி கேட்டா அங்கதான் வண்டி நிக்கும்.

ஒருநாள் ரெண்டு பேரை ஆத்தங்குடிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன், தரையில பதிக்கிற பூக்கல்லு போடுறதைக் காட்ட. கண்ணாடி மேல இரும்புச் சட்டத்தை வச்சு, அதுக்குள்ள பூ அச்சை இறக்கி, அந்தந்தக் கட்டத்துல கலர் சிமெண்டுக் கூழை ஊத்தி, அச்சைத் தூக்கிட்டு, மேல மணலும் சிமெண்டும் தூவி, கலவையைப் போட்டுக் கரண்டியால தேச்சு மட்டம் பண்ணுவாக. அப்புறம் தண்ணித் தொட்டியில இறக்குவாக. அந்தம்மா தொட்டியைக் கையைக் காட்டி "ஹவ்லாங்டயலீவிட்டின்?"னு கேட்டுச்சு. எனக்குக் காதுல விழுந்தது 'லீவு' ஒண்ணுதான். நான் சிரிச்ச முகமா, "சண்டே மட்டும் லீவு மேடம், பொங்கலுக்கு மூணு நாள்"னு இங்கிலீஷ்ல சொன்னேன். அது கேட்டது "இதை எத்தனை நாளு தண்ணிக்குள்ள விட்டு வைப்பீக". கல்லு போடுற பெரியவரு மறுநாள் என்னைப் பாத்ததும், "என்னப்பா, கல்லுக்கெல்லாம் லீவு குடுத்துட்டியாமே"ன்னாரு. ஊருக்கே சொல்லிட்டாக.

அன்னைக்குத்தான் எனக்கு ஒண்ணு உறைச்சது. லீவ், இட், இன் மூணும் எனக்குத் தெரிஞ்ச வார்த்தை. ஒட்டிக்கிட்டு வந்தா முகம் தெரியலை. இது என்னமோ இங்கிலீஷுக்கு மட்டும் உள்ள வியாதின்னு நினைக்காதீக. புத்தகத்துல தமிழ் படிச்ச ஒரு பிரான்ஸ்காரரு எங்க வீட்டுக்கு வந்து, "என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள்?"னு கேட்டாரு. நல்ல தமிழ். எங்க வீட்ல சமைக்கிற அக்கா "நீங்க என்ன செஞ்சிக்கிட்ருக்கீக?"ன்னு திருப்பிக் கேட்டுச்சு. மனுஷன் முழிச்சாரு பாருங்க. கொண்டு, இரு எல்லாம் அவருக்குத் தெரியும். "கிட்ருக்கீக"தான் தெரியாது. ஆத்தா, நீயும் நானும் இங்கிலீஷ்ல அந்தப் பிரான்ஸ்காரருதான்.

இங்கிலீஷ்ல இது நம்மளைவிடக் கூடுதல். நாம எல்லா எழுத்துக்கும் ஏறக்குறைய அதுக்குண்டான நேரத்தைக் குடுத்துப் பேசுவோம். அவுக ஒரு வரியில ரெண்டு மூணு வார்த்தையைத்தான் அழுத்துவாக. மிச்சமெல்லாம், இந்த ஆஃப், ஃபார், டு, அண்ட், ஹேவ் மாதிரி சில்லறையெல்லாம், இடுக்குல நசுங்கிப் போயிரும். 'ஃபிஷ் அண்ட் சிப்ஸ்'னு யாரும் சொல்றதில்லை, 'ஃபிஷ்ன்சிப்ஸ்'தான். நாம அந்த 'அண்ட்' எங்கன்னு தேடிக்கிட்டு நிக்கிறதுக்குள்ள அடுத்த வரி போயிருது.

நான் என்ன செஞ்சேன்னு சொல்றேன். மதியம் கூட்டம் போனதும் திண்ணையில உக்காருவேன். எழுத்துல உள்ள ஒரு பாட்காஸ்ட், அதுல ஒரே ஒரு நிமிஷம். ஒண்ணேகால் கூடக் கிடையாது. போனைக் கவுத்து வச்சுட்டு மூணு தடவை கேப்பேன். அப்புறம் காதுல விழுந்ததை நோட்டுல எழுதுவேன், தமிழ் எழுத்துல. இதுதான் சூட்சுமம், மத்ததெல்லாம் நீ எப்படியும் பண்ணிக்கலாம். இங்கிலீஷ் எழுத்துல எழுதினா கை தன்னால சரியான ஸ்பெல்லிங்கைப் போட்டுரும், காது என்ன கேட்டுச்சுன்னு தெரியாமயே போயிரும். தமிழ்ல "லீவிட்டின்"னு எழுதினாத்தான் திருடன் அகப்படுவான்.

அதுக்கப்புறம் எழுத்தைத் திறந்து பக்கத்துல வச்சுக்கிட்டு, விட்ட இடத்துலெல்லாம் சிவப்புப் பேனா. என் நோட்டுல முதல் பக்கத்துல 23 சிவப்புக் கோடு இருக்கு. அதுல நிஜமாவே எனக்குத் தெரியாத வார்த்தை மூணுதான். மிச்சம் இருபதும் தெரிஞ்சவுக, அடையாளம்தான் தெரியலை. அந்த இடத்தை மட்டும் முக்கால் வேகத்துல ரெண்டு தடவை, பழைய வேகத்துல ரெண்டு தடவை கேளு. கடைசியா, அவுக பேசுறப்பவே நீயும் கூடவே வாயை விட்டுச் சொல்லு, அதே இழுப்போட. உன் வாயால "லீவிட்டின்" வந்துருச்சுன்னா அப்புறம் காது அதை விடாது. எல்லாம் சேர்த்து அரை மணி நேரம். அதுக்கு மேல பண்ணினா எனக்குக் கண்ணு சொருகும்.

மெதுவா வாசிக்கிறதைக் கேக்கவான்னு கேட்டியே, அதுக்குப் பதிலும் இதுலயே இருக்கு. மெதுவா வாசிக்கிறவுக வார்த்தைக்கு வார்த்தை இடம் விட்டு வாசிப்பாக, ஒட்டே இருக்காது. வார்த்தை தெரியாதவுகளுக்கு அது நல்லது. உனக்கு வியாதி ஒட்டுல இருக்கு. சாதாரணமா பேசுறதைப் போன்ல வேகம் குறைச்சுக் கேட்டா ஒட்டு ஒட்டாவே இருக்கும், இழுத்துக் காட்டும். ரெண்டும் வேற வேற.

இன்னொண்ணு. உன்னை இன்டர்வியூ பண்ணினது அமெரிக்க அம்மா. பிபிசியை மட்டும் கேட்டுட்டுப் போய் உக்காந்தா பாதி பிடிபடாது. 'ப்ளானட் மணி'ன்னு அமெரிக்காவோட என்பிஆர் வானொலியோடது ஒண்ணு, 2008-ல இருந்து வருது, காசு பணம் பத்தின கதைங்க, எழுத்தும் கிடைக்கும். நீ போற வேலைக்கும் ஒத்து வரும். எனக்கு வர்றவுக பிரான்ஸ்காரங்க அதிகம், 'ஹவுஸ்'ங்குறதை 'அவுஸ்'ம்பாக. அதனால நான் நாலு நாட்டு ஆளுக பேசுற பிபிசி 'குளோபல் நியூஸ்' கேக்குறேன். யாரோட பேசப் போறமோ அவுக பேச்சைக் கேக்கணும்.

பஸ்ல கேக்குறதை விட்டுரு. அந்த நேரத்துல தூங்கு, உடம்புக்காவது நல்லது.

ராத்திரி_ஷிப்ட்:

நான் அதே அமெரிக்க பில்லிங் வேலைதான், எட்டு வருஷமா. திண்ணை அண்ணே சொன்னதுல ஒரு சொல் மாத்த வேண்டியதில்லை. வேலைக்குள்ள கழுத்தறுக்குற சிலதை மட்டும் நான் சேத்துக்கிறேன்.

முதல்ல 'கேன்', 'கேன்ட்'. நாம 'ட்' கேக்குதான்னு காத்துக்கிட்டு இருப்போம். அமெரிக்காக்காரன் அந்த 'ட்'டை முழுங்கிருவான். வேற இடத்துல பாக்கணும். 'முடியும்'னு சொல்றப்ப அது 'க்கன்'னு சுருங்கி ஓடிரும், அழுத்தம் அடுத்த வார்த்தை மேல விழும். 'முடியாது'ன்னு சொல்றப்ப 'கேன்'னு முழுசா, அழுத்தமா வரும். அதாவது 'கேன்' உங்களுக்கு நல்லாத் தெளிவா கேட்டுச்சுன்னா அது பெரும்பாலும் 'முடியாது'. தலைகீழ்தான், ஆனா பழகிரும். நான் சேர்ந்த முதல் மாசம் 'பே பண்ண முடியாது'ங்குறதை 'முடியும்'னு குறிப்பு எழுதி வச்சு, டீம் லீடர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அப்புறம் நம்பர். 'தர்ட்டீன்'ல அழுத்தம் கடைசியில, 'தர்டி'யில முதல்ல. 'தர்டி', 'ஃபார்டி', 'எய்டி'யில 'ட' மெத்துன்னு வரும், 'டீன்'ல வர்றது டக்குனு வெட்டும். ஆயிரத்து ஐநூறை 'ஃபிஃப்டீன் ஹண்ட்ரட்'ம்பாங்க. பூஜ்யத்தை 'ஓ'ம்பாங்க. இஸட்டு 'ஸீ'. நம்ம 'டபுள் ஃபைவ்' அவங்களுக்குப் பழக்கமில்லை, 'ஃபைவ் ஃபைவ்'னே சொல்லுங்க. தேதியில மாசம்தான் முதல்ல வரும். இது எதுவும் பாட்காஸ்ட்ல தனியா கிடைக்காது, ஆனா 'ப்ளானட் மணி'யில தொகை அடிக்கடி வரும், அந்த இடத்தை நிறுத்தி எழுதிப் பாருங்க.

இன்டர்வியூவுல புரியலைன்னா 'யெஸ் மேடம்' மட்டும் வேண்டாம். உங்க காதுல விழுந்த வரைக்கும் திருப்பிச் சொல்லி, "இதைத்தான் கேட்டீங்களா"ன்னு கேளுங்க. நாங்க தினமும் அதைத்தான் பண்றோம். ஒருத்தரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க.

கடல்தாண்டி:

திண்ணை அண்ணே, கோவமெல்லாம் இல்லை. ஆனா ஒரு பேச்சு. நீங்க 17 வருஷமா தினமும் வெள்ளைக்காரங்க பேச்சுக்கு நடுவுல நிக்கிறீங்க. உங்களுக்கு நிறைய கேக்குறது தானா நடந்துருச்சு, அதனால ஒரு நிமிஷம் போதும்னு தோணுது. தேவகோட்டையில உக்காந்திருக்கிற பிள்ளைக்கு அந்தக் காத்தே அடிக்காதே? நான் இங்க ஒரு வருஷம் எம்ஆர்டி ரயில்ல, வேலையில, டீக்கடையில காதைத் திறந்து வச்சு அலைஞ்சுதான் எனக்குப் பிடிபட்டுச்சு.

முகப்புத்திண்ணை:

அது சரிதான் அப்பு. அதை நான் யோசிக்கலை. அப்ப அரை மணி நேரம் நோட்டும் பேனாவும், மிச்ச நேரம் சும்மா கேக்கட்டும். ஆனா கேக்குறது ஓரளவு கதை புரியுறதா இருக்கட்டும். ஒண்ணுமே புரியாம கேட்டா எங்க அப்பா மாதிரி ராகம்தான் வரும்.

தேவகோட்டைக்காரி:

அண்ணே எல்லாருக்கும் ரொம்ப நன்றி. உடனே எழுதலை, செஞ்சு பாத்துட்டு எழுதலாம்னு 11 நாள் எடுத்துக்கிட்டேன்.

முதல் நாள் 'ப்ளானட் மணி'யில ஒரு நிமிஷம். 31 சிவப்புக் கோடு! திண்ணை அண்ணனை ஜெயிச்சுட்டேன். அதுல 'ஹேஃபனவர்'னு எழுதியிருந்தேன். ஏதோ ஆளோட பேருன்னு நினைச்சு, யாரு இந்த ஹேஃபனவர், பொருளாதார நிபுணரான்னு மூணு தடவை கேட்டேன். எழுத்தைத் திறந்து பாத்தா 'ஹாஃப் அன் அவர்'. அரை மணி நேரம்! நோட்டை மூடி வச்சுட்டுச் சிரிச்ச சிரிப்புல அப்பத்தா ஓடி வந்துருச்சு.

நேத்து 14 கோடு. ஆனா நேத்து எடுத்த நிமிஷம் கொஞ்சம் சுலபம், அதையும் சொல்லிரணும். கூடவே பேசுறதுதான் கஷ்டம், அவங்க வேகத்துக்கு என் நாக்கு வரலை. வாசல்ல உக்காந்து பண்ண முடியலை, எதிர்வீட்டு அக்கா "என்னாச்சு, தனியா பேசுது"ன்னு பாக்குறாங்க, அதனால மாடிக்குப் போயிட்டேன். பஸ்ல இன்னும் கேக்குறேன், கடல்தாண்டி அண்ணனுக்காக. முந்தாநாள் கேட்டது என்ன கதைன்னு இறங்குறப்ப எனக்குத் தெரிஞ்சது. வரி வரியா இல்லை, ஆனா கதை தெரிஞ்சது.

ஒரு சந்தேகம். யூடியூப்ல ஒரு பேட்டி எடுத்துக்கிட்டேன். ஒரு இடத்துல ஒருத்தர் 'ஐ ஷுட்னவ் டன்தட்'னு சொல்றார், என் காதுக்கு அப்படித்தான் கேக்குது. கீழ தானா ஓடுற எழுத்துல 'ஷுட் ஹேவ்'னு வருது. செஞ்சிருக்கணும்ங்குறாரா, செஞ்சிருக்கக் கூடாதுங்குறாரா? எதை நம்புறது?

ராத்திரி_ஷிப்ட்:

நடுவுல 'ன்' உங்களுக்கு நிச்சயமா கேட்டுச்சுன்னா அது 'ஷுடன்ட் ஹேவ்', செஞ்சிருக்கக் கூடாது. தானா ஓடுற எழுத்து மெஷின் போடுறது, அதுவும் தப்பாக் கேக்கும். முன்னாடி பின்னாடி ரெண்டு வரி கேட்டுப் பாருங்க. அவர் செஞ்சதுக்கு வருத்தப்படுறாரா, செய்யாம விட்டதுக்கா?

தேவகோட்டைக்காரி:

செஞ்சதுக்குத்தாண்ணே. அடுத்த வரியில அதைச் செஞ்சதுக்கு மன்னிப்புக் கேக்குறார். அப்ப மெஷினுக்குத்தான் சிவப்புக் கோடு.